பொது வாசகர் எந்த ஊர்?

வழக்கமாக இந்தப் பக்கத்துக்கு ஒற்று மிகுமா மிகாதா என்று கேட்டுத்தான் கடிதம் வரும். தை மாதம் இரண்டு இதழ்களுக்கு நான் விடுப்பில் போனபோது, விடுப்பு எதற்கு என்று ஆசிரியர் ஒரு வரி போட்டுவிட்டார். அதன் பலன்தான் இந்த வாரத் தபால். இலக்கணச் சந்தேகம் ஒன்றே ஒன்று, மற்றதெல்லாம் கல்யாணம்.

காதல் திருமணமாமே? எப்படிச் சந்தித்தீர்கள்?
– வாசகி, தென்காசி

சந்திப்பதற்கு முன்பே சண்டை போட்டுவிட்டோம். மூன்று வருடம் முன்பு நாகர்கோவில் பக்கத்துச் சமையல் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டோம். எழுதியவர் 'மரச்சீனி' என்று எழுதியிருந்தார். மெய்ப்புப் பார்த்த நான் ஏழு இடங்களிலும் அடித்து 'மரவள்ளிக்கிழங்கு' ஆக்கினேன். இதழ் கடைக்கு வந்த ஐந்தாம் நாள் ஓர் அஞ்சலட்டை. 50 பைசா அட்டை. "எங்கள் ஊரில் மரச்சீனியும் மீன்குழம்பும் சாப்பிடுவோம். மரவள்ளிக்கிழங்கை யாரும் சாப்பிட்டதில்லை." கீழே பெயர், ஊர் முப்பந்தல்.

கடிதங்களுக்குப் பதில் எழுதுவதும் என் வேலை. 'பொது வாசகருக்குப் புரிய வேண்டும் என்பதற்காக மாற்றினோம்' என்று அலுவலகத் தோரணையில் எழுதி அனுப்பினேன். அடுத்த அட்டையில் ஒரே வரி: "பொது வாசகர் எந்த ஊர்?"

சுருக்கென்றது. நான் பாளையங்கோட்டைக்காரி. 'ஏட்டி, இங்க வா' என்று கூப்பிடும் வீட்டில் வளர்ந்தவள். சென்னைக்கு வந்த எட்டு வருடத்தில் என் ஊர்ச் சொற்களையும் இப்படியேதான் சிவப்பு மையால் அடித்து வந்திருக்கிறேன். அட்டையை மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தேன். அப்புறம் இன்னும் ஒன்பது அட்டைகள் வந்தன. கடைசி அட்டையில் போன் நம்பர் இருந்தது.

நேரில் பார்த்தது திருநெல்வேலி ஜங்ஷனில். பொங்கல் முடிந்து சென்னை ரயிலுக்கு நிற்கிறேன். இவர் நாகர்கோவிலிலிருந்து 80 கிலோமீட்டர் பஸ்ஸில் வந்து ஒரு மஞ்சப்பையை நீட்டினார். உள்ளே மூன்று கிலோ மரச்சீனி, மண்ணோடு. "பூச்சந்தைத் தோவாளை வழியாகத்தானே பஸ் வருகிறது, ஒரு முழம் பூ வாங்கத் தோன்றவில்லையா?" என்று பிறகொரு நாள் கேட்டேன். "பூ சென்னை போய்ச் சேரதுக்குள்ள வாடிரும்லா" என்றார். விடுதிச் சமையல்கார அக்கா மரச்சீனியை அவித்துத் தேங்காய்த் துருவல் போட்டுக் கொடுத்தார். மண் வாசனை அறையைவிட்டுப் போகவே நாலு நாள் ஆயிற்று.

மாப்பிள்ளைக்கு என்ன வேலை? வீட்டில் உடனே சம்மதித்தார்களா?
– வாசகர், மதுரை

காற்றாலைப் பராமரிப்பு, கோபுரத்தில் ஏறி இறங்குகிற வேலை. ஊரில் காத்தாடி என்பார்கள். ஆரல்வாய்மொழியில் மலை விலகி வழி விடுகிறது. அந்த இடைவெளியில் காற்று நெருக்கியடித்துப் பாய்வதால்தான் முப்பந்தலைச் சுற்றி அத்தனை காத்தாடிகள். வைகாசி தொடங்கிப் புரட்டாசி வரை காற்று சீசன். அப்போது ஒரு மணி நேரம் நின்றாலும் நஷ்டம், எனவே லீவு என்று வாயைத் திறக்க முடியாது. ஆவணி முகூர்த்தம் எல்லாம் அதனால் பேச்சிலேயே அடிபட்டுப்போய்த் தைக்கு வந்தோம்.

அப்பா ஓய்வுபெற்ற தமிழாசிரியர். "காற்றை நம்பிப் பெண்ணைக் கொடுக்கச் சொல்கிறாயா?" என்றார். வேறு தயக்கமும் இருந்தது, அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. ஒருநாள் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறி முப்பந்தலுக்கே போய்விட்டார். இரண்டு கையாலும் வேட்டியைப் பிடித்துக்கொண்டு, கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாராம். திரும்பி வந்து அம்மாவிடம், "ஏறினதைப் பார்த்தேன். இறங்கினதையும் பார்த்துட்டுத்தான் வந்தேன். சரி" என்றார். எங்கள் வீட்டில் நிச்சயம் நடந்தது அந்தச் 'சரி'யில்தான். வெற்றிலை பாக்கு மாற்றியதெல்லாம் பிறகு.

இருவரும் ஒரே ஜாதியா?
– வாசகர் (ஊர் எழுதவில்லை)

இல்லை. அடுத்த கேள்வி.

அழைப்பிதழில் திருவளர்ச்செல்வி, திருநிறைச்செல்வி என்று இருவிதமாகப் போடுகிறார்களே, என்ன வேறுபாடு?
– கல்லூரி மாணவி, திருச்சி

அம்மா, தாயே, இந்தக் கேள்வி நாலு மாதம் முன்பு வந்திருக்கக் கூடாதா? அகராதியைவிட அழைப்பிதழ் வழக்கில்தான் இதற்குப் பொருள். வீட்டில் இன்னும் கல்யாணம் பாக்கி இருந்தால் 'திருவளர்'. கடைசிக் கல்யாணம் என்றால் 'திருநிறை'. ஊர் உலகத்துப் பிழையெல்லாம் திருத்துகிற நான் என் அழைப்பிதழைப் பெயர், தேதி, மண்டபம் மட்டும் பார்த்துவிட்டு அச்சுக்குத் தள்ளிவிட்டேன். 600 அழைப்பிதழிலும் நான் திருநிறைச்செல்வி. எனக்கு ஒரு தங்கை இருக்கிறாள். "அப்ப எனக்குக் கல்யாணமே கிடையாதா?" என்று ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை. மறுநாள் பேனாவும் கையுமாக உட்கார்ந்து, சொந்தக்காரர்களுக்குப் போகிற அழைப்பிதழில் மட்டும் 'நிறை'யை அடித்து 'வளர்' போட்டாள். என் நண்பர்களுக்கு அடிக்காமலே போயிற்று. அவர்களில் ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

தாலி ஏறிய நிமிடம் மனதில் என்ன ஓடியது?
– வாசகி, கோவை

உண்மையைச் சொன்னால் ஏமாற்றமாக இருக்கும். பசி. விடியற்காலை மூன்று மணிக்குத் தலை பின்ன உட்கார்ந்தது, வயிற்றில் ஒரு காபி மட்டும். கழுத்து மாலை கொஞ்சம் நினைவிருக்கிறது. மாப்பிள்ளை வீட்டார் தோவாளை மாணிக்கமாலை கொண்டுவந்திருந்தார்கள். அரளிப் பூவையும் நொச்சி இலையையும் மடித்து மடித்து, வெள்ளையும் சிவப்பும் பச்சையுமாகக் கல் பதித்த பட்டை போலக் கட்டுவார்கள். 2025இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கெட்டிமேளம் கொட்டும்போது, எந்த இடத்தில் மடிப்பைத் தொடங்கியிருப்பார்கள் என்று குனிந்து தேடிக்கொண்டிருந்தேன். புகைப்படத்தில் நாணத்தோடு தலைகுனிந்த மாதிரி விழுந்திருக்கிறது.

கல்யாணம் என்று எனக்கு நன்றாக நினைவிருப்பது பந்திதான். நாகர்கோவில் பக்கம் பருப்பு, சாம்பாருக்குப் பிறகு பாயசம் வந்துவிடும். ரசமும் மோரும் அதற்கு அப்புறம். எங்களுக்கோ ரசம் முடிந்துதான் பாயசம். ஒரு மாதம் இரு வீட்டாரும் இதைப் பேசினார்கள், நகைநட்டுப் பேச்சுகூட இவ்வளவு நீளவில்லை. கடைசியில் தவசுப்பிள்ளை (சமையல்காரர்), "ரெண்டு தடவையும் ஊத்திருதேன், வேணுங்கிறவங்க வாங்கிக்கிடட்டும்" என்று முடித்துவைத்தார்.

முதல் பந்தியில் சாம்பாருக்குப் பின்னாலேயே அடைப்பிரதமன் பாயசம் வந்தது. எங்கள் பெரியப்பா அதை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, சாப்பாடு முடிந்தது என்று இலையை மூடி எழுந்துவிட்டார். பக்கத்து இலையில் இருந்த இவருடைய அத்தை அவர் துண்டைப் பிடித்து இழுத்து, "இரிங்க, ரசம் வரும்" என்று உட்காரவைத்தார். எதிர்வரிசையில் மாமா ஒருவர் பாயசத்தில் பப்படத்தை நொறுக்கிப் போட்டு, ஊரிலிருந்து குலையாகக் கொண்டுவந்த மட்டிப்பழத்தையும் உரித்துப் பிசைந்தார். எங்கள் வீட்டுப் பொடிசுகள் கண்கொட்டாமல் பார்த்தன. இரண்டாம் பந்தியில் பப்படம் தீர்ந்துவிட்டது.

திருநெல்வேலிக்காரி மாப்பிள்ளைக்கு அல்வா கொடுத்தீர்களா?
– வாசகர், சேலம்

இந்தக் கேள்வி மட்டும் பதினான்கு பேர் கேட்டிருக்கிறீர்கள். சொதி கொடுத்தோம். கல்யாணத்துக்கு மறுநாள் மறுவீட்டுச் சாப்பாடு என்றால் எங்களுக்குச் சொதிதான். தேங்காய்ப்பாலை மூன்று தடவை பிழிந்து, மூன்றாம் பாலில் காய்களை வேகவிட்டு, தலைப்பாலை இறக்குகிற நேரத்தில் ஊற்ற வேண்டும். கொதித்தால் திரிந்துவிடும். தேங்காய்ப்பால் மந்தம், அதற்குத்தான் தொட்டுக்கொள்ள இஞ்சிப்பச்சடி. மாமியார் இரண்டாம் முறை வாங்கிக்கொண்டு, "மக்களே, எனக்கு இதைப் படிச்சுத் தரணும்" என்றார். நான் ஒருத்திதான், விகுதியோ பன்மை. திருத்தவில்லை.

திருமணத்தைப் பதிவு செய்தாயிற்றா?
– வழக்கறிஞர் ஒருவர், ஈரோடு

ஆயிற்று. தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி 90 நாளுக்குள் பதிய வேண்டும், புதுமணத் தம்பதிகள் தள்ளிப்போடாதீர்கள். அழைப்பிதழ்க் கட்டில் மிஞ்சியிருந்த ஒன்றைத்தான் எடுத்துப் போனோம். அது தங்கை பேனாவால் அடித்தது. எழுத்தர் அந்த மையைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். தங்கைதான் முந்திக்கொண்டு விளக்கம் சொன்னாள்.

இப்போதும் அஞ்சலட்டை எழுதுகிறாரா?
– வாசகி, விருதுநகர்

நான் சென்னையிலும் அவர் முப்பந்தலிலும் இருக்கிறோம், காற்று சீசன் முடிகிற வரை இப்படித்தான். போன வாரம் ஓர் அட்டை வந்தது. சென்ற இதழ்க் கதையில் கன்னியாகுமரிப் பாட்டி ஒருத்தி 'பலாப்பழம்' என்று சொல்கிறாளாம், 'சக்கை' என்றல்லவா சொல்லியிருப்பாள் என்று கேட்டிருக்கிறார். அது நான் பார்த்த பக்கம் இல்லை. அட்டையைப் பக்கத்து மேசைக்குத் தள்ளிவிட்டேன்.