பட்டத்தின் பெயரில் ‘கோட்பாட்டு’ இல்லாவிட்டால் என்ன?

கணக்கு நன்றாக வருகிறது, ஆய்வகம் என்றால் அலுப்பு, கோட்பாட்டு இயற்பியல் என்ற பெயரில் இளநிலைப் பட்டம் பக்கத்தில் எங்கும் இல்லை, கையில் இருப்பதோ உள்ளூர்க் கல்லூரியின் பி.எஸ்சி. இயற்பியல் இடம், சேரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகச் சேருங்கள். நோபல் பரிசு பெற்ற வானியற்பியலாளர் சந்திரசேகர் சென்னை மாநிலக் கல்லூரியில் 1930இல் முடித்ததும் வெறும் இயற்பியல் ஆனர்ஸ்தான். ஆனால் கணித வகுப்புகளிலும் போய் உட்கார்ந்தார்.

பி.எஸ்சி. பாடத்திட்டத்தில் போதாமல் போவது கணிதம்தான். துணைப்பாடக் கணிதத்தை மதிப்பெண்ணுக்காக ஒப்பேற்றாதீர்கள். நேரியல் இயற்கணிதத்தையும் வகைக்கெழுச் சமன்பாடுகளையும் முதல் ஆண்டிலேயே போட்டுப் போட்டுப் பழகுங்கள். ஐகன் மதிப்பு (நேரியல் இயற்கணிதத்தில் ஓர் அணிக்கு உரிய சிறப்பு எண்) கைக்கு வராமல் குவாண்டம் இயக்கவியலுக்குள் போனால் சூத்திரங்களை மனப்பாடம் செய்வதுதான் மிஞ்சும். அடுத்து, பொருள்களின் இயக்கத்தை விசைக்குப் பதில் ஆற்றலைக் கொண்டு எழுதும் லக்ராஞ்சி, ஹாமில்டன் முறைகள். சென்னை ஐஐடியில் பேராசிரியராக இருந்த வி. பாலகிருஷ்ணனின் விரிவுரைகள் என்பிடெல் என்ற இணையப் பாடத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. கேட்டால் மட்டும் போதாது, கணக்கை நீங்களே முடிக்க வேண்டும்.

ஆய்வகத்திலிருந்து தப்பிக்க முடியாது, தப்பிக்கவும் வேண்டாம். அளவீட்டுப் பிழையைக் கணக்கிடத் தெரியாதவர், ஒரு கோட்பாடு சோதனையில் தோற்றதா இல்லையா என்று எப்படிச் சொல்வார்? (ரெக்கார்டு நோட்டு எழுதுவது வேறு விஷயம், அதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன்.)

பிறகு எம்.எஸ்சி.க்கு ஐஐடிகள் நடத்தும் ஜாம் நுழைவுத் தேர்வு இருக்கிறது. ஆய்வு நிறுவனங்களின் பொது நுழைவுத் தேர்வான ஜெஸ்ட் எழுதித் தரமணி கணித அறிவியல் நிறுவனத்தின் ஒருங்கிணைந்த பிஎச்.டி.க்கும் முயலலாம். சிறுசேரியில் உள்ள சென்னை மேத்தமேட்டிக்கல் இன்ஸ்டிடியூட்டில் கணிதமும் இயற்பியலும் சேர்ந்த இளநிலை ஆனர்ஸ் பட்டம் உண்டு. அதன் நுழைவுத் தேர்வை அடுத்த ஆண்டு எழுதிப் பார்க்கலாம், ஆனால் அதற்காகக் கையில் உள்ள இடத்தை விட்டுவிடாதீர்கள்.