கூரையைத் தாங்குவது முகட்டுப் பலகையா? கேள்வி பதில்

ஹட்டனிலிருந்து: தச்சு பாஸ், புது வீட்டுக்கு முகட்டில் ஒரு அங்குலப் பலகைதான் போட்டிருக்கிறார்கள். இவ்வளவு பாரத்தை அது தாங்குமா?

தாங்க வேண்டியதே இல்லை தம்பி. இரண்டு பேர் எதிரெதிரே நின்று உள்ளங்கையோடு உள்ளங்கை வைத்துச் சாய்ந்தால் யாரும் விழமாட்டார்கள். முகட்டிலிருந்து சுவர் வரை சரிந்து இறங்கும் இரு பக்கக் கைமரங்களும் அப்படித்தான் நிற்கின்றன. பலகை அவற்றை நேராக முட்ட வைக்கிறது, வரிசை கோணாமல் பிடிக்கிறது. அதனால் கைமரங்கள் சோடி சோடியாக, எதிரெதிரே வர வேண்டும். தடிப்பைவிடப் பலகையின் அகலத்தைப் பாருங்கள். 4 அங்குலக் கைமரத்தை 30 பாகைச் சரிவுக்கு வெட்டினால் முனை 4.6 அங்குலம் வரும். அது முழுதும் படிய 5 அங்குலப் பலகை வேண்டும்.

பொகவந்தலாவையிலிருந்து: அண்ணா, எங்கள் காம்பராவில் சுவருக்குச் சுவர் குறுக்கே போகும் மரங்களை எடுத்தால் உயரமாகத் தெரியும். எடுக்கலாமா?

தயவுசெய்து எடுக்காதீர்கள். சாய்ந்து நிற்கும் அந்த இருவரின் காலும் வழுக்கினால் என்ன ஆகும்? கைமரத்தின் அடியும் சுவரை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். அந்தத் தள்ளலைப் பிடித்து வைத்திருப்பது குறுக்கு மரம்தான். நான் வேலை பழகிய காலத்தில் ஒரு வீட்டில் இப்படி எடுத்துவிட்டார்கள். அடுத்த மழைக்காலத்தில் முகடு நடுவில் தொய்ந்தது, மூலையில் சுவர் பிளந்தது. செயின் புளொக் (சங்கிலிக் கப்பி) போட்டு இழுத்து மறுபடி மரம் கட்டினோம். முதலிலேயே உறுதியாகத் தடுக்காதது இன்றும் என்னை உறுத்துகிறது. கல்லும் மண்ணுமாகக் கட்டிய பழைய லயத்துச் சுவர் என்றால் ஆபத்து இன்னும் கூட.

அதே நண்பர்: சரி, கொஞ்சம் மேலே ஏற்றிப் போடலாமா?

கூரை உயரத்தில் கீழ் மூன்றிலொரு பங்குக்குள் இருக்கட்டும். மேலே போகப் போகப் பிடிப்பு குறையும். முகட்டுக்குப் பக்கத்தில் போடும் சட்டம், காற்றில் முகடு பிரியாமல் காக்கும். ஆனால் சுவர் விரிவதை அது தடுக்காது.

பண்டாரவளையிலிருந்து: குறுக்கு மரமே இல்லாத ஹோல் வேண்டும். வழியே இல்லையா?

இருக்கிறது, செலவும் இருக்கிறது. பலகைக்குப் பதிலாகக் கனமான முகட்டு வளை (உத்திரம்) போட வேண்டும். அதன் முனைகளைத் தாங்க அத்திவாரம் வரை இறங்கும் தூணோ சுவரோ தேவை. இப்போது முகடு உண்மையிலேயே பாரம் சுமக்கிறது, அதனால் அளவை எஞ்சினியரிடம் கேளுங்கள். கண்மதிப்பில் போடாதீர்கள்.

தலவாக்கலையிலிருந்து: தகரம் மிச்சமாகும் என்று சரிவைக் குறைக்கச் சொல்கிறார்கள்.

சுவர்களுக்கு இடையிலான தூரமும் பாரமும் மாறாமல் முகட்டு உயரத்தைப் பாதியாக்கினால் வெளித்தள்ளல் இரண்டு மடங்காகும். அப்புறம் நம் மழைக்குத் தண்ணீரும் மெதுவாகத்தான் வடியும். நான் குறைக்கமாட்டேன்.

மஸ்கெலியாவிலிருந்து: ஜூன், ஜூலைக் காற்றில் தகரம் பறக்கிறது. மணல் மூட்டை போதுமா?

அவசரத்துக்குச் சரி. தகரக் கூரை இலேசானது, தென்மேற்குக் காற்று அதைக் கீழிருந்தும் தூக்கும். ஆணி கழன்றுவிடும். தகரத்தின் மேட்டில் ரப்பர் வளையத்தோடு திருகாணி போடுங்கள். ஒவ்வொரு கைமர அடியையும் இரும்புப் பட்டியால் சுவர் உச்சிக் கொங்கிறீட்டோடு கட்டுங்கள். ஒரு கண்ணி விட்டாலும் காற்று அங்கேதான் பிய்க்கும்.

நுவரெலியாவிலிருந்து: புதிதாக வெட்டிய டர்பன்டைன் மரம் போடலாமா?

காயாமல் வேண்டாம், முறுக்கிக்கொள்ளும்.

அவரே: சுவரில் உட்கார கைமரத்தில் எவ்வளவு வெட்டலாம்?

அதன் ஆழத்தில் மூன்றிலொரு பங்குக்கு மேல் வேண்டாம். 4 அங்குல மரத்தில் ஒன்றேகால் அங்குலத்தோடு வாளை நிறுத்திவிடுங்கள்.