மஞ்சள் லேசர், சோடியம், எகிறி வரும் எலக்ட்ரான்: கேள்வி பதில்

தேவகோட்டை, பிளஸ் டூ மாணவி: ஐயா, பிராங்க், ஹெர்ட்ஸ் என்ற இரண்டு இயற்பியலாளர்கள் செய்த சோதனைப் பாடத்தில் எலக்ட்ரான் அணுவில் மோதி ஆற்றலை இழக்கிறது. கூடவும் செய்யுமா?

கூடும்மா. 1914-ல் அவர்கள் மோதவிட்டது சும்மா கிடந்த பாதரச அணுவில், அதைக் கிளப்ப, அதாவது மேல் ஆற்றல் படிக்கு ஏற்ற, 4.9 எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகு) கொடுத்தாக வேண்டும். சோடியத்தை 589 நானோமீட்டர் லேசரால் முதலிலேயே கிளப்பி வைத்துவிட்டால், மோதும்போது சில அணுக்கள் கீழே இறங்கி அந்த 2.1 எலக்ட்ரான் வோல்ட்டை எலக்ட்ரானிடம் கொடுத்துவிடும். 10 எலக்ட்ரான் வோல்ட்டில் போன எலக்ட்ரான் 12.1-ல் வரும். நம்ம ஊர் வட்டிக் கணக்குதான், என்ன, வட்டியைக் கட்டியது லேசர். இப்படி நடந்தே தீரும் என்று இயற்பியலாளர்கள் கிளைனும் ரோஸ்லாந்தும் 1921-லேயே சொல்லிவிட்டார்கள்.

காரைக்குடி, எம்.எஸ்சி.: கிளர்ந்த சோடியம் 16 நானோ நொடியில் இறங்கிவிடுமே, மோத நேரம் ஏது அண்ணே?

இறங்கினால் என்ன தம்பி, லேசர் மறுபடி ஏற்றும். தலைவலி வேறு இடத்தில். தரைநிலையே, அதாவது அணுவின் அடி ஆற்றல் படியே, எஃப்=1, எஃப்=2 என்று இரண்டு உட்படிகளாக 1772 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் பிளந்து கிடக்கிறது, ஒன்றுக்கு வைத்த லேசர் மற்றதில் விழுந்த அணுவைத் தொடாது. அதனால் எஃப்=2-லிருந்து மேல்படியில் உள்ள எஃப்=3 உட்படிக்கு ஏற்றுவார்கள்; அங்கிருந்து விதிப்படி எஃப்=2-க்கு மட்டுமே இறங்க முடியும், சுற்று மூடிக்கொள்ளும். லேசர் அலைவெண் கொஞ்சம் நகர்ந்தாலும் போச்சு, எகிறி வரும் எலக்ட்ரான்களின் சிக்னல் படுத்துவிடும்.

கண்டனூர், ஆசிரியை: கிளப்புவதற்கு வாயுவில் மின்சாரம் பாய்ச்சும் மின்னிறக்கக் குழாய் போதாதா? லேசர் எதற்கு?

ஆச்சி, விஷயமே அதில்தான் இருக்கிறது. குழாயில் அணுக்கள் கண்ட திசையில் கிளரும். லேசரில் ஒளியின் முனைவாக்கத்தை, அதாவது ஒளி அலை அதிரும் திசையை, திருப்பினால் அணுவின் எலக்ட்ரான் முகிலும் (எலக்ட்ரான் பரவியிருக்கும் வடிவம்) கூடவே திரும்பும். 1970-களில் ஜெர்மனியில் ஹெர்ட்டலும் ஸ்டோலும் அப்படித் திருப்பித் திருப்பி, ஒரு கோணத்தில் சிதறி வரும் எலக்ட்ரான்களை எண்ணினார்கள். எண்ணிக்கை ஏறி இறங்குவதிலிருந்து, சாதாரண மோதல் அணுவைக் கிளப்பும்போது அந்த முகில் என்ன வடிவில், எந்தப் பக்கம் சாய்ந்து உருவாகும் என்று கணக்கிடலாம், ஏனென்றால் இது அதே மோதலைப் பின்னோக்கி ஓட்டியதுதான். எலக்ட்ரானும் போட்டானும் (ஒளித்துகள்) ஜோடியாக வந்து சேரும்வரை காத்திருந்து எண்ணும் முறையும் உண்டு. அதற்குப் பொறுமை எனக்கு இல்லை.

பள்ளத்தூர், கல்லூரி மாணவர்: எங்கள் லேபில் செய்ய முடியுமா?

முழுசாக முடியாது. நல்ல வெற்றிடம், சோடியம் அடுப்பு, ஒற்றை அலைவெண் லேசர் என்று செலவு ஏறிக்கொண்டே போகும். கண்ணாடிக் குப்பியில் அடைத்த, சோடியத்தின் இனத்தைச் சேர்ந்த ரூபிடியமும் 780 நானோமீட்டர் டயோடு லேசரும் வைத்து ஒளிர்வைப் பிடியுங்கள். அது கண்ணுக்குச் சரியாகத் தெரியாது, அகச்சிவப்பு ஃபில்டரைக் கழற்றிய பழைய வெப்கேமில் தெரியும். லேசர் பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் உள்ளே போகாதீர்கள்.