டிக்கியில் வேகும் போன்

கேள்வி: நான் கிராம சுகாதார செவிலியர். ஸ்கூட்டரில் ஊர் ஊராகப் போகிற வேலை. போன் வாங்கி ஒன்றரை வருடம் ஆகிறது. காலையில் 100 சதவீதத்தோடு கிளம்பினால் மதியம் 2 மணிக்கு 15-க்கு வந்துவிடுகிறது. சார்ஜ் முழுக்கத் தீர்ந்து போன் அணைந்த பிறகே மறுபடி போட வேண்டும் என்கிறார் கடைக்காரர். செய்தும் பார்த்துவிட்டேன், பலனில்லை.
- ஒரு வாசகி, தென்காசி மாவட்டம்

பதில்: அந்தப் பழக்கத்தை இன்றே விட்டுவிடுங்கள், சகோதரி. அது நிக்கல்-காட்மியம் பேட்டரிக் காலத்து யோசனை. இன்றைய போன்களில் இருப்பது லித்தியம்-அயன், 1991-இல் சோனி விற்பனைக்குக் கொண்டுவந்த வகை. அடியோடு வற்றுவதும் அதற்கு ஆகாது, 100-லேயே மணிக்கணக்கில் நிற்பதும் ஆகாது. 20-க்கும் 80-க்கும் நடுவில் வைத்திருந்தால் நீண்ட நாள் உழைக்கும்.

ஆனால் நீங்கள் எழுதாத ஒன்றைக் கேட்கிறேன். வீடுவீடாகப் போகும்போது போன் எங்கே இருக்கிறது? ஸ்கூட்டர் டிக்கியிலா? 17 வருடமாகப் போன் பழுது பார்க்கிறேன். சித்திரை, வைகாசியில் என் மேசைக்கு வரும் போன்களில் பல அப்படி வெந்தவைதான். சூடு ஏற ஏற பேட்டரிக்குள் வேண்டாத வேதிவினைகள் வேகமெடுக்கும். அதில் போன கொள்ளளவு திரும்பாது. ஐபோனை 35 டிகிரிக்கு மேல் பயன்படுத்த வேண்டாம் என்று ஆப்பிளே சொல்கிறது. அக்னி நட்சத்திரத்தில் நமக்கு நிழலிலேயே அதைத் தாண்டும், மூடிய டிக்கியைக் கேட்கவே வேண்டாம். தோள்பையில் வையுங்கள். சார்ஜ் போடும்போது தடித்த உறையைக் கழற்றுங்கள், தலையணை மேல் வைக்காதீர்கள்.

அடுத்தது சிக்னல். டவர் தூரத்தில் இருந்தால் போன் கூடுதல் சக்தி செலவழித்துத்தான் அதை எட்டும். ஏரோப்ளேன் மோடில் போடச் சொல்ல எனக்கு மனமில்லை. பிரசவ வலி என்று எந்த நேரமும் உங்களுக்கு அழைப்பு வரலாம். 5ஜி சரியாக எட்டாத ஊர்களில் செட்டிங்ஸில் 4ஜி-யை மட்டும் தேர்ந்தெடுங்கள். அடிக்கடி மாறிமாறித் தேடுவது குறையும். அப்புறம், செயலிகளை நிமிடத்துக்கொரு முறை தள்ளி மூட வேண்டாம். திரும்பத் திறக்கும்போது அதிகமாகத்தான் செலவாகும்.

ஒரு கணக்கும் பாருங்கள். மொத்தம் 100 சதவீத சார்ஜ் செலவானால் அது ஒரு முழுச் சுற்று. பல போன் பேட்டரிகள் 500 முழுச் சுற்றுக்குப் பிறகு 80 சதவீதக் கொள்ளளவு தாங்கும்படி செய்யப்பட்டவை. தினம் ஒரு சுற்று என்றாலே ஒன்றரை வருடத்தில் 540 தாண்டிவிட்டது. போனை மாற்றாதீர்கள், பேட்டரியை மட்டும் மாற்றுங்கள். சர்வீஸ் சென்டரில் கம்பெனி பேட்டரியாகவே கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: டார்க் மோடு போட்டால் சார்ஜ் மிச்சமா?
- ஒரு கல்லூரி மாணவர், கரூர்

பதில்: ஓஎல்இடி திரை என்றால் மிச்சம்தான், கறுப்பு இடங்களில் விளக்கே எரியாது. எல்சிடி திரையில் பின்னால் முழு விளக்கும் எரிந்துகொண்டேயிருக்கும், அங்கே பெரிய பலன் இல்லை. எந்தத் திரையானாலும் வெளிச்சத்தைக் குறையுங்கள்.

கேள்வி: போனின் பின்மூடி லேசாகத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. சார்ஜ் நன்றாகவே நிற்கிறது. ரப்பர் பேண்டு போட்டிருக்கிறேன்.
- ஒரு வாசகர், ஆம்பூர்

பதில்: ஐயா, ரப்பர் பேண்டைக் கழற்றுங்கள். பேட்டரி உப்பியிருக்கிறது, உள்ளே வாயு சேர்ந்திருக்கிறது. அழுத்தினாலோ குத்தினாலோ தீப்பிடிக்கும். இனி சார்ஜ் போடாதீர்கள். அணைத்து, குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைத்து, நாளைக்கே பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள். கழற்றிய பேட்டரியைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிடாமல் அவரிடமே விட்டுவிடுங்கள்.