மகள் குறும்படம் எடிட் செய்துகொண்டே இருக்கிறாள், இதில் வேலை கிடைக்குமா?

திருச்சியிலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு,

விஸ்காம் இரண்டாம் ஆண்டு படிக்கும் மகள், பன்னிரண்டு நிமிடக் குறும்படம் ஒன்றை மாதக்கணக்கில் எடிட் செய்கிறாளே, இது எங்கே போய் முடியும் என்று கேட்டிருக்கிறீர்கள். லேப்டாப் திணறுகிறது, கடன் வாங்கியாவது புதியது எடுத்துத் தரலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டாவதற்கு முதலில் பதில்: வேண்டாம். எடுத்த காட்சிகளுக்குச் சிறிய அளவில் ‘ப்ராக்ஸி’ பிரதிகள் உருவாக்கி, அவற்றை வைத்து எடிட் செய்துவிட்டு, கடைசியில் மூலக் கோப்புகளுக்கு மாறிக்கொள்ளலாம். டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பிலேயே இந்த வசதி உண்டு. ஒலிக்கென்று ஃபேர்லைட் என்ற தனிப் பகுதியும் அதற்குள்ளேயே இருக்கிறது. காசு செலவழிக்க வேண்டுமென்றால் காதை முழுதாக மூடும், வயர் உள்ள ஹெட்ஃபோன் ஒன்று வாங்கிக் கொடுங்கள். ப்ளூடூத் வேண்டாம், அதில் ஒலி சற்றுத் தாமதமாக வருவதால் உதட்டசைவு பொருந்துகிறதா என்று நம்பிப் பார்க்க முடியாது. கூடவே இரண்டு வெளி ஹார்ட் டிஸ்க். ஒன்றில் இருப்பதெல்லாம் மற்றதிலும் இருக்கட்டும், இரண்டையும் ஒரே பையில் வைக்க வேண்டாம்.

நீங்கள் அனுப்பிய பிரதியைப் பார்த்தேன். பெண்ணுக்குக் கண் நன்றாக இருக்கிறது. சமையலறைக் காட்சியில் பேசுகிற மகனை விட்டுவிட்டு, கேட்டுக்கொண்டிருக்கும் தாயின் முகத்திலேயே நிற்கிறாள். அடுத்த காட்சியின் குரல் முன்கூட்டியே வந்துவிடுகிறது, ஆள் பிறகுதான் தெரிகிறார். யாராவது சொல்லிக்கொடுத்தார்களா, தானாக வந்ததா தெரியாது, எப்படியானாலும் சரியான இடத்தில் செய்திருக்கிறாள்.

ஒலிதான் படத்தைக் கெடுக்கிறது. அதே சமையலறையில் ஒரு கோணத்தில் ஃப்ரிட்ஜ் ஓடுகிறது, இன்னொரு கோணத்தில் ஓடவில்லை. அதனால் ஒவ்வொரு வெட்டிலும் இரைச்சல் ஏறி இறங்குகிறது. பார்ப்பவருக்குக் காரணம் புரியாது, ஆனால் ‘சின்னப் பிள்ளைகள் எடுத்த படம்’ என்று தோன்றிவிடும். அதை மறைக்க நெட்டில் கிடைத்த இசையைப் படம் முழுக்க ஓடவிட்டிருக்கிறாள். மாணவர் படங்களில் நான் அதிகம் பார்க்கும் பழக்கம் இது, எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. தவிர, உரிமை வாங்காத இசை இருந்தால் விழாக்களுக்கு அனுப்பும்போதும் யூடியூபில் ஏற்றும்போதும் சிக்கல் வரும்.

அவளிடம் இதைச் சொல்லுங்கள். முதலில் இசையை மொத்தமாக எடுத்துவிட்டு ஒருமுறை பார்க்கட்டும். பிறகு அதே வீட்டுக்கு, படம் எடுத்த அதே நேரத்துக்குப் போய், ஃப்ரிட்ஜை ஓடவிட்டு, யாரும் பேசாமல் ஒரு நிமிடம் பதிவு செய்யட்டும். அந்த ‘ரூம் டோன்’ காட்சியின் அடியில் தொடர்ந்து ஓடினால் வெட்டுகளில் தெரியும் மேடுபள்ளம் பெரும்பாலும் காணாமல் போகும். புரியாத வசனங்களுக்கு அதே நடிகரை அழைத்து டப்பிங் செய்யலாம். ஸ்டுடியோ தேவையில்லை. துணி நிறைந்த பீரோவைத் திறந்துவைத்து, சுவரோரம் மெத்தையைச் சாய்த்தால் எதிரொலி நன்றாகவே அடங்கும். தமிழ் சினிமாவே பல பத்தாண்டுகளாக டப்பிங்கில் வாழ்ந்த சினிமாதான், அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. தாழ்ப்பாள், கொலுசு, தோசைக் கரண்டிச் சத்தமெல்லாம் உங்கள் வீட்டிலேயே பதிவாகிவிடும்.

கடைசி இரண்டு நிமிடங்களில் உதடும் குரலும் விலகுகின்றன. அந்தப் பகுதி போனில் எடுத்தது என்று எழுதியிருக்கிறீர்கள். பல போன்கள் ஒரே சீரான ஃப்ரேம் வேகத்தில், அதாவது நொடிக்கு இத்தனை படம் என்ற மாறாத கணக்கில், பதிவு செய்வதில்லை. அந்தக் கோப்புகளை ஹேண்ட்பிரேக் போன்ற இலவச மென்பொருளில் மாறாத 25 அல்லது 24 ஃப்ரேமுக்கு மாற்றிவிட்டு, மீண்டும் பொருத்தச் சொல்லுங்கள். படம் முழுவதும் எந்த எண்ணோ அதே எண். ஒலிக்கு, ‘சாம்பிள் ரேட்’ என்று கேட்கும் இடத்தில், 48 கிலோஹெர்ட்ஸ்.

மாதக்கணக்கில் இழுப்பதற்கு உண்மையான காரணம், அவள் இன்னும் ‘லாக்’ செய்யவில்லை. படத்தின் வெட்டுகளை இறுதியாக்கிவிட்டால் அதற்குப் பிறகு ஒரு ஃப்ரேமைக்கூடத் தொடக்கூடாது. ஒலி வேலை தொடங்கிய பின் நடுவில் பத்து ஃப்ரேம் எடுத்தாலும், வசனம், எஃபெக்ட்ஸ், ஆர்.ஆர். எனப்படும் பின்னணி இசை என எல்லா டிராக்கையும் மறுபடி பொருத்த வேண்டும். செமஸ்டர் தேர்வுக்கு முன்னால் ஒரு தேதியை அவளையே எழுதச் சொல்லுங்கள். அந்தத் தேதியில் லாக், அதன் பிறகு ஒலி மட்டும். கண்டிப்பாக இருக்க வேண்டிய ஒரே இடம் இதுதான் அம்மா, மற்றதில் விட்டுப் பிடியுங்கள்.

இனி வேலை. விஸ்காம் வகுப்பில் ‘நான் எடிட்டர்’ என்று கைதூக்கப் பத்துப் பேர் இருப்பார்கள். ஒலியை ஒழுங்காக முடித்துக் கொடுக்கத் தெரிந்தவர் ஒருவர் இருந்தால் அதிகம். சினிமா கிடைக்கும்வரை விளம்பரம், செய்தித் தொலைக்காட்சி, டப்பிங் ஸ்டுடியோ, இணையத் தொடர், கல்விக் காணொளி நிறுவனங்கள் என்று இரண்டும் தெரிந்தவருக்கு வழி இருக்கிறது. இரண்டையும் ஒருவரே செய்வது அரைகுறை வேலை என்று நினைத்துவிடாதீர்கள். அமெரிக்கரான வால்டர் மர்ச் 1997 ஆஸ்கர் விழாவில் ஒரே படத்துக்காகப் படத்தொகுப்புக்கும் ஒலிக்கும் என இரண்டு விருதுகள் வாங்கியவர். சினிமாவில் உதவி எடிட்டராகச் சேர்ந்தால் முதல் சில ஆண்டுகள் சம்பளம் குறைவு, நேரம் காலம் கிடையாது. அதை மறைத்துச் சொல்ல மாட்டேன். அங்கே முதலில் தருவது கோப்புகளுக்குப் பெயரிடுவது, ஒலியைப் பொருத்துவது போன்ற வேலைதான். இந்தக் குறும்படத்தை முழுதாக முடித்தவளுக்கு அது புதிதாக இருக்காது.

மேற்படிப்பு என்றால், சென்னை தரமணியில் உள்ள எம்.ஜி.ஆர். அரசு திரைப்படக் கல்லூரியில் படத்தொகுப்பு, ஒலிப்பதிவு இரண்டும் தனித்தனிப் பட்டப் படிப்புகள். அவை பிளஸ் டூ முடித்ததும் சேர்பவை, இவளோ ஏற்கெனவே பட்டம் படிக்கிறாள். எனவே பட்டதாரிகளைச் சேர்க்கும் புனே எஃப்.டி.ஐ.ஐ., கொல்கத்தா சத்யஜித் ராய் நிறுவனம் ஆகிய திரைப்படக் கல்லூரிகள் இரண்டையும் குறிவைக்கலாம். 2009-ல் ஒலிக்கலவைக்காக ஆஸ்கர் வாங்கிய ரசூல் பூக்குட்டி புனேயில் படித்தவர். நுழைவுத் தேர்வு கடினம், இடங்கள் குறைவு. புனேயின் ஒலிப் பிரிவுக்கு பிளஸ் டூவில் இயற்பியல் படித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்துவந்திருக்கிறது, அந்தந்த ஆண்டின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் மகள் பிளஸ் டூவில் எந்தப் பிரிவு என்று நீங்கள் எழுதவில்லை. இயற்பியல் இல்லையென்றால் எடிட்டிங் பிரிவுக்கு இப்போதிருந்தே தயாராகட்டும். இருந்தால் படத்தை முடித்த பிறகு அவளையே எனக்கு எழுதச் சொல்லுங்கள், ஒலிப் பிரிவுக்கு எப்படித் தயாராவது என்று விரிவாகப் பேசலாம்.