மாடு தீனி எடுக்கலை, என்ன மருந்து கொடுக்கலாம்?

தலைப்பில் இருப்பது என் கேள்வி அல்ல. இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் இந்த ஒரே வரியில்தான் முடிந்தன. மருந்தைக் கேட்கிறார்கள், மாட்டைச் சொல்வதில்லை. கன்று ஈன்று எத்தனை நாள், அசை போடுகிறதா, சாணி எப்படி, கோமியம் என்ன நிறம், நேற்று என்ன தின்றது, காய்ச்சல் எத்தனை? இவற்றில் மூன்றுக்காவது பதில் இருந்த கடிதங்களை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: ஜெர்சி கலப்பு, நாலாம் ஈற்று. நேற்று விடியற்காலை கன்று போட்டது, நல்ல சீம்பால். இன்று காலையிலிருந்து படுத்தது எழவில்லை. கழுத்தை வயிற்றுப் பக்கம் மடித்து வைத்திருக்கிறது. பக்கத்து வீட்டு அண்ணன் பால் காய்ச்சல் என்று சொல்லி, காய்ச்சல் மாத்திரையைக் கரைத்து ஊற்றச் சொல்கிறார்.
— வாசகி, திருச்செங்கோடு

பதில்: அண்ணன் நோயைச் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். பெயர்தான் அவரை ஏமாற்றிவிட்டது அம்மா. பால் காய்ச்சலில் காய்ச்சலே கிடையாது. காதைத் தொட்டுப் பாருங்கள், சில்லென்று இருக்கும். ஒரு லிட்டர் சீம்பாலில் 2 கிராமுக்கு மேல் கால்சியம் போகிறது. எலும்பில் சேமிப்பு இருந்தாலும் அதை எடுத்து ரத்தத்தில் விட உடம்புக்கு ஓரிரு நாள் பிடிக்கும். அதற்குள் ரத்தக் கால்சியம் சரிந்து தசைகள் வேலைநிறுத்தம் செய்துவிடுகின்றன. மூன்றாம் ஈற்றுக்கு மேல், ஈன்ற முதல் மூன்று நாளுக்குள் வருவதுதான் அதிகம்.

வாயில் எதையும் ஊற்றாதீர்கள். விழுங்கும் தசையும் தளர்ந்திருக்கும்; ஊற்றியது நுரையீரலுக்குள் போகும். மாடு பக்கவாட்டில் சாயாமல் வைக்கோல் மூட்டையால் அண்டை கொடுத்து நெஞ்சு தரையில் படும்படி உட்கார வையுங்கள், உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள். கால்சியத்தை ரத்தக்குழாயில் சொட்டுச் சொட்டாகத்தான் ஏற்றுவார். வேகமாக ஏற்றினால் இதயம் நின்றுவிடும். சரியான நேரத்தில் ஏற்றினால் பாட்டில் முடியும்போதே ஏப்பம் விட்டு, சாணி போட்டு எழும் மாடுகள் உண்டு. எழுந்த பிறகு இரண்டு நாளைக்கு மடியை ஒட்டக் கறக்க வேண்டாம்.

இன்னொன்று. சினையின் கடைசி மூன்று வாரம் கால்சியம் டானிக் ஊற்றி ஊற்றி வளர்த்தால் இந்த நோய் வராது என்று நம்புகிறார்கள். நடப்பது நேர்மாறு. வெளியிலிருந்து தாராளமாகக் கிடைத்தால் எலும்பிலிருந்து எடுக்கும் வேலையை உடம்பு மறந்துவிடும்.

கேள்வி: வீட்டில் கிரகப்பிரவேசம். மிஞ்சிய சோறு, பொங்கல் எல்லாம் ஒரு அண்டா இருந்தது. வீணாக்க மனமில்லாமல் இரண்டு மாட்டுக்கும் வைத்தோம். பெரியது அதிகம் தின்றது. மறுநாளிலிருந்து அசை போடவில்லை, தள்ளாடுகிறது, புளித்த வாடையோடு கழிகிறது.
— வாசகர், ஆரணி

பதில்: மாட்டுப் பொங்கல் முடிந்த மறுநாள் மருந்தகத்தில் நிற்கும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு உங்கள் கடிதம் புதிதாக இராது. அன்பால் வரும் நோய் இது.

மாட்டின் பெருவயிறு நார்த்தீனிக்காக ஆனது. வெந்த சோற்றின் மாவுச்சத்து மொத்தமாக உள்ளே போனால் லாக்டிக் அமிலம் சுரக்கும் நுண்ணுயிர்கள் பெருகி மற்றவற்றைக் கொன்றுவிடும். வயிறே புளித்த மாவுப் பாத்திரமாகிவிடும். அந்த அமிலம் உடம்பின் நீரை வயிற்றுக்குள் இழுப்பதால்தான் கண் குழிவிழுகிறது, மாடு தள்ளாடுகிறது. உங்கள் பெரிய மாடு தள்ளாடும் கட்டத்துக்குப் போய்விட்டதால் கைவைத்தியத்துக்கு நேரம் இல்லை. சலைன் ஏற்ற வேண்டும், சில சமயம் வயிற்றைத் திறந்து சோற்றை அள்ள வேண்டியும் வரும். 1962-க்கு அடித்தால் கால்நடை ஆம்புலன்ஸ் வரும்.

சின்னது நன்றாக நடக்கிறது, கொஞ்சம் மந்தமாக மட்டும் இருக்கிறது என்றால் சமையல் சோடா 100 கிராமை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து, நாக்கை இழுக்காமல், தலையை அண்ணாந்து தூக்காமல் மெதுவாகக் கொடுங்கள். இரண்டு நாள் வைக்கோல் மட்டும் போடுங்கள். தப்பித்த மாடும் சில வாரம் கழித்துக் குளம்பு வலித்து நொண்டக்கூடும். அப்போது இந்த அண்டாவை நினைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கோமியம் காப்பித் தண்ணி மாதிரி போகிறது. சூடு பிடித்துவிட்டது என்று இளநீர் கொடுத்தோம். ஈன்று இருபது நாள் ஆகிறது. உண்ணியும் இருக்கிறது.
— வாசகர், பட்டுக்கோட்டை

பதில்: தம்பி, எல்லாம் எழுதியிருக்கிறீர்கள், காய்ச்சல் எத்தனை என்பதைத் தவிர. முடிவே அதில்தான் இருக்கிறது.

முதலில் கோமியத்தைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து அரைமணி நேரம் அசையாமல் வையுங்கள். சிவப்பு அடியில் படிந்தால் அது ரத்தம். சிறுநீரகத்திலோ சிறுநீர்ப்பையிலோ புண். படியாமல் ஒரே நிறமாக நின்றால் ரத்தச் சிவப்பணுக்கள் உடம்புக்குள்ளேயே உடைகின்றன. நீங்கள் சொல்லும் காப்பி நிறம் பெரும்பாலும் இரண்டாவது வகை.

உடைப்பது யார்? 104 டிகிரிக்கு மேல் காய்ச்சல் இருந்தால் உண்ணி கடத்தும் பபீசியா என்ற ஒட்டுண்ணியைச் சந்தேகிக்க வேண்டும். காது நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து கண்ணாடித் தகட்டில் தடவிப் பார்த்தால் சிவப்பணுவுக்குள்ளேயே அது தெரியும். காய்ச்சலே இல்லை, ஈன்று இரண்டு முதல் நான்கு வாரம், தீனி பெரும்பாலும் வைக்கோல் என்றால் பாஸ்பரஸ் குறைவு. டெல்டாவில் வைக்கோலை நம்பி வளரும் கறவை மாடுகளில் இதை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒன்றுக்கு ஒட்டுண்ணியைக் கொல்லும் ஊசி, மற்றதற்கு பாஸ்பரஸ் உப்பு. மாற்றிப் போட்டால் மாடு பிழைக்காது. உண்ணி உங்கள் மாட்டில் இருப்பது உண்மை. அதுதான் காரணம் என்பது இன்னும் நிரூபணமாகவில்லை. கண் இமையைக் கீழே இழுத்துப் பாருங்கள். காகிதம்போல் வெளுத்திருந்தால் நாளை வரை காத்திருக்க வேண்டாம்.

கேள்வி: ஈன்று ஒரு மாதம். புண்ணாக்கு, தவிடு, மாட்டுத்தீவனம் எதையும் தொட மாட்டேன் என்கிறது. வைக்கோல் மட்டும் தின்கிறது. பால் பாதியாகிவிட்டது, மாடும் இளைக்கிறது. வெல்லத் தண்ணீர் கொடுத்தும் தேறவில்லை.
— வாசகி, தாராபுரம்

பதில்: அடர்தீவனத்தை ஒதுக்கி வைக்கோலை மட்டும் தேடுவதே கீட்டோசிஸின் கையெழுத்து. பாலுக்குத் தேவையான அளவு தின்ன முடியாமல் மாடு தன் கொழுப்பைக் கரைக்கிறது, அதில் வரும் கழிவு பசியை இன்னும் கெடுக்கிறது. மூச்சில் பழுத்த பழ வாடை வரும்; எல்லா மூக்குக்கும் அது பிடிபடாது. மருந்துக்கடையில் மனிதர்களுக்கு விற்கும் கீட்டோன் பட்டையை கோமியத்தில் நனைத்தால் தெரிந்துவிடும். வெல்லம் ஏன் தேற்றவில்லை? பெருவயிற்று நுண்ணுயிர்களே அதைத் தின்றுவிடும், ரத்தத்துக்கு வந்து சேராது. குளுக்கோஸை நேராக ரத்தக்குழாயில் ஏற்றி, தொடர்ந்து புரொப்பிலீன் கிளைகால் கொடுக்கச் சொல்வார்கள்.

கேள்வி: தொண்டையில் ஏதோ சிக்கிவிட்டது போல. எச்சில் ஒழுகுது, குரல் கட்டின மாதிரி விடாமல் கத்துது, தண்ணி விழுங்க முடியல. கையை விட்டுப் பார்த்தோம், ஒன்றும் தட்டுப்படவில்லை.
— வாசகர், மணப்பாறை

பதில்: இவருக்கு மட்டும் எழுத்தில் பதில் சொல்லக் காத்திருக்கவில்லை. போனில் கேட்டதும் தெரிந்தது: ஒன்றரை மாதத்துக்கு முன் தெருநாய் ஒன்று கட்டுத்தறிக்கு வந்திருக்கிறது.

மாங்கொட்டையோ கிழங்கோ சிக்கினாலும் எச்சில் ஒழுகும்தான். ஆனால் உடனே வயிறு உப்பும், மாடு தலையை நீட்டித் தவிக்கும், குரல் மாறாது. கோமாரியிலும் ஒழுகும், அதில் காய்ச்சலும் நாக்கிலும் குளம்பிடையிலும் புண்ணும் இருக்கும். குரல் மாறிக் கத்துவது, விழுங்க முடியாதது, சாணிக்கு முக்கிக்கொண்டே இருப்பது, பின்னங்கால் துவள்வது இவை சேர்ந்தால் வெறிநோயை நினைக்காமல் வாய்க்குள் கைவிடக்கூடாது. கைவிட்டவர்கள், எச்சில் பட்டவர்கள் எல்லோரும் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனையில் தடுப்பூசியைத் தொடங்க வேண்டும். மாட்டுக்கு வைத்தியம் கிடையாது. பாலை யாரும் குடிக்க வேண்டாம். காய்ச்சிக் குடித்தவர்கள் பதற வேண்டியதில்லை, கொதியில் வைரஸ் பிழைக்காது. பச்சையாகக் குடித்திருந்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

கேள்வி: ஒரு காம்பில் மட்டும் பால் திரிதிரியாக வருகிறது. கற்றாழை வைத்தியம் செய்யலாமா?
— வாசகர், கோவில்பட்டி

பதில்: மடிநோய். மாடு தீனி தின்று, காய்ச்சலும் இல்லாதிருந்தால் செய்யலாம். சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேர்த்து அரைத்தால் சிவந்த விழுதாக வரும். நீர்விட்டு மடி முழுதும் நாளைக்குப் பத்து முறை, ஐந்து நாள் பூச வேண்டும். பத்து முறை என்பதுதான் எல்லோரும் கோட்டைவிடும் இடம். மடி கல்லாக இறுகினாலோ, பால் தண்ணீராகவோ ரத்தமாகவோ வந்தாலோ விழுதை நம்பி உட்காராதீர்கள். நோய்க் காம்பைக் கடைசியில் கறங்கள். கறந்ததும் தீனி வைத்து அரைமணி நேரம் நிற்க வையுங்கள். காம்புத் துளை மூட அந்த நேரம் வேண்டும்.

கேள்வி: காய்ச்சல் பார்க்க காதைத் தொட்டால் போதாதா? தெர்மாமீட்டர் அவசியமா?
— வாசகர், பொள்ளாச்சி

பதில்: போதாது. காது வெயிலில் சுடும், மழையில் குளிரும். மருந்துக்கடையில் கிடைக்கும் சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டரே போதும். நுனியில் எண்ணெய் தடவி, ஆசனவாயில் செருகி, சாணிக்குள் குத்தி நிற்காமல் பக்கச் சுவரைத் தொடும்படி சாய்த்துப் பிடியுங்கள். 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட் வரை இயல்பு. கலப்பினம் மதிய வெயிலில் அதற்கு மேலும் காட்டும் என்பதால் காலையில் பாருங்கள். தெர்மாமீட்டர் முனையில் ஒரு நூலைக் கட்டி, மறுமுனையை வால் மயிரில் முடிந்துவிடுங்கள். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் நூல் கட்டாமல் செருகிவிட்டு, மாட்டுக்காரர் பார்த்துக்கொண்டிருக்க, முழங்கை வரை கைவிட்டுத் தேடியிருக்கிறேன்.