கான்டாக்டர், ரிலே: கேட்டவற்றுக்குப் பதில்கள்

கேள்வி: ரிலே, கான்டாக்டர் ரெண்டும் ஒண்ணுதானே சார்?

பதில்: இயக்கம் ஒன்றுதான்; இரண்டும் மின்காந்தத்தால் இயங்கும் சுவிட்சுகள். காயிலில் (கம்பிச்சுருளில்) மின்சாரம் பாய்ந்தால் கோர் (நடுவிலுள்ள இரும்பு) காந்தமாகி ஆர்மேச்சரை, அதாவது கான்டாக்டுகளை (மின்சாரத்தை இணைக்கும் முனைகளை) நகர்த்தும் இரும்புத் துண்டை, இழுக்கும். நின்றால் ஸ்பிரிங் திருப்பித் தள்ளும். ரிலே சிக்னலுக்கும் சிறு லோடுக்கும். மோட்டார், ஹீட்டர் என்றால் கான்டாக்டர்.

கேள்வி: ஏசி (மாறுமின்சார) கான்டாக்டர் ‘கொர்ர்’னு கத்திக்கிட்டே இருக்கு. மாத்திடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். 50 ஹெர்ட்ஸ் சப்ளையில் மின்னோட்டம் வினாடிக்கு 100 முறை சுழியை (பூஜ்யத்தை) கடக்கிறது. ஒவ்வொரு முறையும் பிடி தளரும், ஸ்பிரிங் விலக்கப் பார்க்கும். அதற்காகத்தான் கோர் முகத்தில் சின்னச் செம்பு வளையம், ஷேடிங் ரிங், பதித்திருக்கிறார்கள். வளையத்துக்குள் போகும் காந்தப்பாயம் சற்றுப் பின்தங்கி வரும். ஒரு பகுதி சுழியாகும்போது இன்னொரு பகுதி பிடித்துக்கொள்ளும். வளையம் விரிசல் விட்டாலோ, முகங்களுக்கு நடுவே தூசியோ துருவோ சேர்ந்தாலோ கத்தும். காயில் வோல்டேஜையும் அளந்து பாருங்கள்; குறிப்பிட்ட அளவில் 85 சதவீதத்துக்குக் கீழே போனால் சரியாக ஒட்டாது. மெயினை அணைத்து, சப்ளை இல்லை என்று டெஸ்டரில் உறுதி செய்த பிறகு கழற்றி, உலர்ந்த துணியால் துடையுங்கள். அரத்தை மட்டும் எடுக்காதீர்கள். (கையில் அரம் இருந்தால் சிலருக்குச் சும்மா இருக்க முடியாது!) அப்படியே விட்டுவைக்கவும் கூடாது: கோருக்கும் ஆர்மேச்சருக்கும் நடுவே இடைவெளி மூடாதவரை ஏசி காயில் அதிக ஆம்பியர் இழுக்கும், சூடேறிக் கருகும்.

கேள்வி: அப்போ 24 வோல்ட் ஏசி காயிலுக்கு 24 வோல்ட் டிசி (நேர்மின்சாரம்) கொடுத்தா சத்தமே வராதுல்ல?

பதில்: சத்தம் வராது, புகை வரும். ஏசியில் மின்னோட்டத்தை அடக்குவது பெரும்பாலும் காயிலின் தூண்டல்தான் (மின்னோட்டம் மாறுவதை எதிர்க்கும் தன்மை). டிசியில் கம்பியின் மின்தடை மட்டுமே மிஞ்சும், அதனால் மின்னோட்டம் எகிறிக் காயில் கருகும்.

கேள்வி: அண்ணா, ஸ்டார்ட் பட்டனை விட்டதும் மோட்டார் நின்னுடுது.

பதில்: ஹோல்டிங், அதாவது பட்டனை விட்ட பிறகும் காயிலுக்குத் தொடர வேண்டிய சப்ளை, கிடைக்கவில்லை. 13-14 என்று எண்ணிட்ட ஆக்சிலரி (துணை) கான்டாக்ட், ஸ்டார்ட் பட்டனுக்கு இணையாக இருக்கிறதா, கான்டாக்டர் இழுத்ததும் மூடுகிறதா என்று பாருங்கள்.

கேள்வி: ஒரே கான்டாக்டர்ல ஏசி-1க்கு ஒரு ஆம்பியர், ஏசி-3க்குக் கம்மியான ஆம்பியர். எதை நம்புறது?

பதில்: இரண்டையும். அவை லோடு வகைகளின் பெயர்கள். ஏசி-1 ஹீட்டர் போன்ற லோடுக்கு, ஏசி-3 சாதாரண இண்டக்‌ஷன் மோட்டாருக்கு. மோட்டார் கிளம்பும்போது ஓடும் மின்னோட்டத்தைப்போலப் பல மடங்கு இழுக்கும். ஏசி-1 எண்ணைப் பார்த்து மோட்டாருக்கு வாங்கினால் கான்டாக்ட் வெல்டாகி ஒட்டிக்கொள்ளும். ஸ்டாப் அழுத்தினாலும் நிற்காது.

கேள்வி: 12 வோல்ட் ரிலேயை ஓட்டுற டிரான்சிஸ்டர் அடிக்கடி போயிடுது.

பதில்: காயிலை அணைக்கும் கணத்தில் எதிர்த்திசையில் பெரிய வோல்டேஜ் எழும். காயிலுக்குக் குறுக்கே 1என்4007 டையோடு (ஒரு திசையில் மட்டும் மின்சாரத்தை விடும் பாகம்) ஒன்றைப் போடுங்கள், கோடு போட்ட முனை பாசிட்டிவ் பக்கம். ரிலே விடுவது கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவுதான்.